கடவுள் இல்லாத ஒரு ‘சர்ச்’: பென் கிளாசன் இனவெறியை மதமாக்கிய கதை

அமெரிக்காவில் வெள்ளை இனவெறி சார்ந்த கொலை ஒன்று நடந்தால், நம் பக்கச் சமூக வலைத்தளங்களில் இரண்டு விளக்கங்கள் உடனே வந்துவிடுகின்றன. ஒருவர் இது கிறிஸ்தவ அடிப்படைவாதம் என்பார். இன்னொருவர் படிப்பறிவில்லாத, வேலையில்லாத கும்பலின் வேலை என்பார். சில நிகழ்வுகளுக்கு இவை பொருந்தவும் செய்யும். ஆனால் இந்த இரண்டு விளக்கங்களையும் ஒரே நேரத்தில் பொய்யாக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பென் கிளாசன். மின்பொறியியல் படித்தவர், காசு பார்த்த வியாபாரி, சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவர் தொடங்கிய ‘சர்ச்’ கிறிஸ்துவை ஏற்கவில்லை. கடவுளையே ஏற்கவில்லை.

அப்படியென்றால் அது எப்படி மதமாகும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், வெறுப்பு ஒரு மனிதனின் ஆயுளைத் தாண்டி எப்படி உயிர் பிழைக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதனால் அவர் வாழ்க்கையையும் அவர் கட்டிய அமைப்பையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘வெள்ளை இன மேலாதிக்கவாதம்’ என்பது வெள்ளையர்கள் பிறப்பிலேயே மற்றவர்களைவிட உயர்ந்தவர்கள், ஆகவே நிலமும் அதிகாரமும் அவர்களுக்கே உரியவை என்ற கொள்கை. இது ஒரே இயக்கம் இல்லை. கு கிளக்ஸ் கிளான் என்ற பழைய இனவெறி ரகசிய அமைப்பு, ஹிட்லர் வழியைப் பின்பற்றும் நவநாஜிக் குழுக்கள், சில மதச் சபைகள் என்று பல வீடுகளில் குடியிருக்கும் கொள்கை. அந்த வீடுகளுக்குள் சண்டையும் உண்டு.

போரை மறுத்த சமூகத்தில் பிறந்தவர்

கிளாசன் 1918 பிப்ரவரியில் இன்றைய உக்ரைனின் தெற்குப் பகுதியில், மொலோச்னா என்ற மெனனைட் குடியேற்றத்தில் பிறந்தார். மெனனைட்டுகள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். ஆயுதம் ஏந்துவதில்லை, போருக்குப் போவதில்லை என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. ஜெர்மன் பேசும் இந்த விவசாயிகளை ரஷ்யப் பேரரசு தன் தென்பகுதிக்கு வரவழைத்து, ராணுவ சேவையிலிருந்தும் விலக்குக் கொடுத்துக் குடியமர்த்தியது.

அவர் பிறந்த நேரம் கொடுமையான நேரம். புரட்சி முடிந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மெனனைட் கிராமங்கள் சூறையாடப்பட்டன. அடுத்து 1921-22இல் பெரும் பஞ்சம். இரவு உணவுக்கு அப்பா அளந்து கொடுத்த ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டிதான் கிளாசன் தன் சிறு வயதிலிருந்து நினைவில் வைத்திருந்த காட்சிகளில் ஒன்று. குடும்பம் 1924இல் மெக்சிகோ போனது. அடுத்த ஆண்டு கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் குடியேறியது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பசியும் பயமும்தான் அவரை இனவெறியர் ஆக்கின என்று எழுதினால் கதை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அதே பஞ்சத்தைப் பார்த்த ஆயிரக்கணக்கான மெனனைட்டுகள் அப்படி ஆகவில்லை. அமெரிக்க மெனனைட்டுகள் 1920இல் ஒன்றுகூடி நிவாரணக் குழு ஒன்றை அமைத்து அந்தப் பகுதிக்குச் சோறு போட்டார்கள். அந்தக் குழு இன்றும் உலகம் முழுக்க நிவாரணப் பணி செய்கிறது. ஒரே துயரத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. பட்ட துன்பத்துக்கெல்லாம் புரட்சி நடத்திய கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகள் காரணம், போல்ஷெவிக்குகளுக்குப் பின்னால் யூதர்கள் இருக்கிறார்கள் என்ற அன்று பரவலாக இருந்த கட்டுக்கதையைக் கிளாசன் பிடித்துக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டது அவருடைய தேர்வு.

பொறியாளர், வியாபாரி, சட்டமன்ற உறுப்பினர்

கனடாவில் சிறிது காலம் பள்ளி ஆசிரியர் வேலை, அப்புறம் மின்பொறியியல் பட்டம். 1945இல் கலிபோர்னியாவுக்கு வந்தார். ரியல் எஸ்டேட் தொழிலில் இறங்கி, நெவாடா மாநிலத்தில் பெரிய நிலப்பரப்பை ஒரு கூட்டாளியோடு வாங்கி மனை போட்டார். சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் அப்படி உருவானதுதான். 1950களில் சுவரில் மாட்டும் மின்சார டின் திறப்பான் ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கினார்.

1958இல் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் அரசியல் வந்தது. ஜான் பிர்ச் சொசைட்டி என்ற தீவிர கம்யூனிச எதிர்ப்பு அமைப்பில் சேர்ந்தார். 1966இல் குடியரசுக் கட்சி சார்பில் புளோரிடா மாநில சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க அரசு பேருந்து விடுவதை எதிர்த்ததுதான் அவருடைய முக்கியப் பிரச்சாரம். பதவி சில மாதங்களே நீடித்தது. அடுத்த ஆண்டு மாநில செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1968இல் இனப் பிரிவினையை ஆதரித்துப் பெயர் வாங்கிய ஜார்ஜ் வாலஸ் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது, புளோரிடாவில் அவருக்காக வேலை செய்தார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிளாசனுக்குக் கல்வியும் பணமும் இருந்தன. சமூகத்தில் மரியாதைக்குரிய இடமும், தேர்தல் அரசியலில் சொந்த அனுபவமும் இருந்தன. ஓரத்தில் ஒதுக்கப்பட்டதால் வெறுப்புக்குப் போனவர் என்று அவரைச் சொல்ல வழியே இல்லை.

கட்சி போதாது என்று ஏன் நினைத்தார்?

1970இல் நேஷனலிஸ்ட் வொயிட் பார்ட்டி என்று ஒரு கட்சி தொடங்கினார். ஆரம்பத்தில் அது வெள்ளைக் கிறிஸ்தவர்களை நோக்கித்தான் பேசியது. ஒரு வருடத்துக்குள் அவர் எண்ணம் மாறியது. தன் பேச்சைக் கேட்க வேண்டிய மக்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் ‘பகைவரையும் நேசி’ என்ற போதனையைக் கேட்டுவிட்டு வருகிறார்கள், அது அவர்களை இளக்கிவிடுகிறது என்று முடிவுக்கு வந்தார். கிறிஸ்தவமே ரோமப் பேரரசை வீழ்த்த யூதர்கள் செய்த சதி என்று எழுதினார். வரலாற்றில் இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இன்னொரு கணக்கும் போட்டார். யூதர்கள் நாடு இல்லாமலேயே இத்தனை நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், இனமும் மதமும் ஒன்றாக இணைந்த நம்பிக்கை அவர்களிடம் இருந்ததுதான் என்று நினைத்தார். யாரை ஜென்மப் பகைவர்களாகக் கருதினாரோ அவர்களிடமிருந்தே மாதிரியை எடுத்தார். கட்சி தேர்தலோடு தோற்றுப்போகும், தலைவரோடு செத்துப்போகும். மதம் பிள்ளைகளுக்குப் போகும், பேரப்பிள்ளைகளுக்கும் போகும். இந்தக் கணக்கோடு 1973இல் தன் முதல் நூலை வெளியிட்டு, ‘சர்ச் ஆஃப் தி கிரியேட்டர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்.

பெயரைக் கேட்டால் படைத்த கடவுளைத் தொழும் சபை என்றுதான் தோன்றும். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிளாசன் கணக்கில் படைப்பாளி என்பது வெள்ளை இனம். நாகரிகம் முழுவதையும் படைத்தது அந்த இனம்தான் என்பது அவர் வாதம். உறுப்பினர்களும் தங்களைக் ‘கிரியேட்டர்’ என்றே அழைத்துக்கொள்வார்கள்.

அச்சு பழையது, மாவு வேறு

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வீட்டில் இருக்கும் முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்த மாவை வைத்து அழுத்தினாலும், வில்லையில் உள்ள துளையின் வடிவத்தில்தான் வெளியே வரும். கிளாசன் செய்தது இதுதான். மதம் என்ற அச்சை அப்படியே வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த கடவுள், கருணை, மறுமை எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு இனவெறியை வைத்து அழுத்தினார்.

அந்த அச்சில் முதல் துளை, நன்மை தீமைக்கான அளவுகோல். ஒவ்வொரு மதத்திலும் புண்ணியம், பாவம் என்று ஒரு கணக்கு இருக்கும். கிளாசனின் கணக்கு ஒரே வரிதான்: வெள்ளை இனத்துக்கு நல்லது எதுவோ அதுவே உயர்ந்த அறம், அதற்குக் கெட்டது எதுவோ அதுவே பெரும் பாவம். இந்த ஒரு வரியை உண்மையாக ஏற்றுக்கொண்டவனுக்குப் பொய், திருட்டு, கொலை எதுவும் தன்னளவில் தவறில்லை. யாருக்குச் செய்கிறோம் என்பது மட்டுமே கேள்வி. மனசாட்சியை இவ்வளவு முழுசாகத் துடைத்தெடுக்கும் வரி வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இயக்கத்தின் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

அடுத்து வேதநூல். 1973 நூலுக்குப் பிறகு 1981இல் இன்னொன்று எழுதி அதற்கு ‘வெள்ளை மனிதனின் பைபிள்’ என்றே பெயர் வைத்தார். பதினாறு கட்டளைகளும் எழுதினார். பிறகு குருமார்கள் வந்தார்கள். உறுப்பினர்களுக்குப் போதகர் பட்டம் கொடுக்கப்பட்டது. கிளாசன் தனக்கு ‘பான்டிஃபெக்ஸ் மாக்சிமஸ்’ என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். பழைய ரோமில் தலைமைக் குருவுக்கும், பின்னாளில் போப்பாண்டவருக்கும் இருந்த பட்டம் அது. சின்னமும் இருந்தது: வெள்ளையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ஒன்று, அதன் மேல் கிரீடம், கிரீடத்துக்கு மேல் ஒளிவட்டம். கட்சிக்காக வரைந்த அதே சின்னத்தைத்தான் சபைக்கும் வைத்துக்கொண்டார். ஆண்டுக் கணக்கைக்கூட 1973இலிருந்து தொடங்கினார்கள். உணவு விதிகளும் உண்டு. சமைக்காத காய், பழம், கொட்டை மட்டும் உண்ண வேண்டும், மருந்துகளை நம்பக் கூடாது என்றார்.

கடைசித் துளைதான் ஆபத்தானது. பல மதங்களில் உலக முடிவு பற்றியோ இறுதித் தீர்ப்பு பற்றியோ ஒரு கதை இருக்கும். அந்த இடத்தில் கிளாசன் ‘ரஹோவா’வை வைத்தார். இனப் புனிதப் போர் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கிய சொல் இது. வெள்ளையர்கள் உலகம் முழுவதையும் தமக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்வதில் வரலாறு முடிய வேண்டும் என்பது அதன் சாரம். சட்டத்துக்கு உட்பட்டே இயங்க வேண்டும் என்றும் கிளாசன் எழுதியிருக்கிறாரே என்று சிலர் வாதிடுவார்கள். எழுதினார்தான். அந்த வழி அடைக்கப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று கதவையும் திறந்தே வைத்தார்.

கிறிஸ்தவப் பெயரில் இயங்கிய இனவெறிச் சபைகள் வேறு

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் ‘கிறிஸ்தவ அடையாள இயக்கம்’ என்று ஒன்று உண்டு. பைபிளில் வரும் இஸ்ரேல் மக்களின் உண்மையான வாரிசுகள் வெள்ளை ஐரோப்பியர்கள்தான், இன்றைய யூதர்கள் சாத்தானின் வழிவந்தவர்கள் என்று நம்பும் சபைகளின் தொகுப்பு அது. 1940களில் கலிபோர்னியாவில் வெஸ்லி ஸ்விஃப்ட் என்ற போதகர் இதைப் பரப்பினார். அவர் வழியில் வந்த ரிச்சர்ட் பட்லர், ஐடஹோ மாநிலத்தில் ஆரியன் நேஷன்ஸ் என்ற அமைப்பின் முகாமை நடத்தினார்.

அவர்கள் பைபிளைத் தங்கள் வசதிக்குத் திருகினார்கள். கிளாசன் பைபிளைத் தூக்கி எறிந்தார். அவர்களுக்கு இயேசு வெள்ளையர். கிளாசனுக்கு இயேசு கற்பனைப் பாத்திரம். ஆவி, சொர்க்கம், மறுபிறவி எதுவும் கிடையாது, இயற்கையின் விதி மட்டுமே உண்டு என்றார். ஹிட்லரை வெளிப்படையாகப் புகழ்ந்தாலும், நாஜிசம் ஜெர்மானியர்களுக்கான தேசியவாதம், தன்னுடையது எல்லா வெள்ளையர்களுக்குமானது என்று வேறுபடுத்தினார். இயற்கை, விதி என்று பேசியதால் இதை அறிவியல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனித இனங்களுக்குள் இப்படியொரு படிநிலை இருப்பதாக உயிரியல் சொல்லவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், கிளாசனின் அமைப்பில் கடவுளுக்கு இடமில்லை. ஆனால் வேதம், கட்டளை, குரு, பாவம், இறுதிப் போர் என்று மதத்துக்குரிய உறுப்புகள் எல்லாம் இருந்தன.

ஒட்டோ கிராமமும் ஒரு கடற்படை வீரரின் கொலையும்

1982இல் வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில் ஒட்டோ என்ற சிற்றூரில் தலைமையகம் கட்டினார். அங்கிருந்து ‘ரேஷியல் லாயல்டி’ என்ற பத்திரிகை அச்சாகி நாடு நாடாகப் போனது. சிறுவர்களுக்குக் கோடைப் பயிற்சியும் நடத்தினார்.

சர்ச் என்ற வடிவம் அமெரிக்காவில் நடைமுறை வசதிகளையும் தருகிறது. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் மதச் சுதந்திரத்துக்கு வலுவான பாதுகாப்புக் கொடுக்கிறது. அரசிடம் அனுமதி வாங்காமல் யார் வேண்டுமானாலும் ஒரு சபையைத் தொடங்கலாம், யாரை வேண்டுமானாலும் போதகர் ஆக்கலாம். ஒரு தனி ஆள் ஏதோ ஊரில் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டால், தான் ஒரு கும்பலின் உறுப்பினன் என்று நினைக்க மாட்டான். தன்னை ஒரு மதகுரு என்று நினைப்பான். அந்த நினைப்பு அவனுக்கு என்ன துணிச்சலைத் தருகிறது என்பதுதான் விஷயம்.

1991 மே மாதம், புளோரிடாவின் நெப்டியூன் பீச் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில், வளைகுடாப் போரிலிருந்து திரும்பியிருந்த கறுப்பினக் கடற்படை வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் கிளாசன் சபையின் போதகர் பட்டம் பெற்றவர். அவருக்கு 1992இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

யாரைச் சுட வேண்டும் என்று கிளாசன் கட்டளை எதுவும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. புத்தகமே போதுமானதாக இருந்தது. ஆனால் சட்டம் வேறொரு கதவைத் தட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெற்குப் பகுதியில் இனவெறி அமைப்புகள் மீது இழப்பீட்டு வழக்குப் போட்டு அவற்றைத் திவாலாக்கிவந்த சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற சட்ட அமைப்பு தன் மீதும் வழக்குப் போடும் என்று பயந்தார். 1992இல் ஒட்டோ நிலத்தின் பெரும்பகுதியை வில்லியம் பியர்ஸ் என்ற இன்னொரு வெள்ளை இனவாதத் தலைவருக்கு 1,00,000 டாலருக்கு விற்றார். பியர்ஸும் சொந்தமாக ஒரு ‘சர்ச்’ வைத்திருந்தவர்தான். வாங்கிய நிலத்தை அவர் 85,000 டாலர் லாபத்துக்குக் கைமாற்றினார். 1994இல் கொல்லப்பட்ட வீரரின் குடும்பத்துக்குச் சபை 10 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. 1996இல் பியர்ஸின் அந்த 85,000 டாலர் லாபமும் அந்தக் குடும்பத்துக்கே போக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

கிளாசன் அந்தத் தீர்ப்புகளைப் பார்க்கவில்லை. 1992இன் தொடக்கத்தில் மனைவி இறந்தார். வாரிசாக ஒருவர் மாற்றி ஒருவரைத் தேர்ந்தெடுத்தும் யாரும் நிலைக்கவில்லை. 1993 ஆகஸ்டில், 75 வயதில், ஒட்டோவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

நிறுவனர் போன பிறகு

கட்சியாக இருந்திருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். சில ஆண்டுகள் சிதறிக் கிடந்த அமைப்பை 1996இல் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த மாத்யூ ஹேல் என்ற 25 வயது இளைஞர் கையில் எடுத்தார். அதே புத்தகங்கள், அதே பட்டம். புதிதாக இணையம் சேர்ந்துகொண்டது. ஹேல் சட்டம் படித்தவர். ஆனால் அவருடைய நடத்தை அதற்குத் தகுதியானதில்லை என்று சொல்லி, வழக்கறிஞர் தொழில் செய்ய இல்லினாய் அனுமதி மறுத்தது.

1999 ஜூலை 2 முதல் 4 வரை, ஹேலின் நெருங்கிய சீடரான 21 வயது மாணவர் ஒருவர் இல்லினாய், இந்தியானா மாநிலங்களில் காரில் சுற்றி யூதர்கள், கறுப்பினத்தவர்கள், ஆசியர்கள் மீது சுட்டார். பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த ரிக்கி பேர்ட்சாங்கும் கொரியாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவரும் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். பேர்ட்சாங் தன் வீட்டருகே பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்தவர். கொரிய மாணவர் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். கொலையாளி பிடிபடும் நேரத்தில் தன்னையே சுட்டுக்கொண்டார். தான் யாரையும் சுடச் சொல்லவில்லை என்றார் ஹேல்.

அவரை வீழ்த்தியது ஒரு வர்த்தக முத்திரை வழக்கு. ‘சர்ச் ஆஃப் தி கிரியேட்டர்’ என்ற பெயரை, இனவெறியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓரிகன் மாநில ஆன்மிக அமைப்பு ஒன்று ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தது. ஹேல் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவானது. வழக்கை விசாரித்த நீதிபதி ஜோன் லெஃப்கோவைக் கொல்ல ஆள் ஏவ முயன்றதாக 2003இல் ஹேல் கைதானார். 2005இல் 40 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இயக்கம் பெயரைக் ‘கிரியேட்டிவிட்டி’ என்று மாற்றிக்கொண்டு சிறு சிறு குழுக்களாக உடைந்தது.

சட்டத்தின் கண்ணில் இது மதமா?

அமெரிக்க நீதிமன்றங்கள் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. விஸ்கான்சினில் இந்த இயக்கத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் தன் நம்பிக்கையைப் பற்றிப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார், அதைப் பார்த்த முதலாளி அவரைப் பதவி இறக்கினார். இது மதப் பாகுபாடு என்று அவர் தொடுத்த வழக்கில் 2002இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஒரு நம்பிக்கை நல்லதா கெட்டதா, அதில் கடவுள் உண்டா இல்லையா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. ஒருவரின் வாழ்க்கையில் மதம் வகிக்கும் இடத்தை அது வகிக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வகிக்கிறது என்றது நீதிமன்றம்.

2009இல் கலிபோர்னியாவில் ஒரு சிறைவாசி, கிரியேட்டிவிட்டியைப் பின்பற்றச் சிறையில் தனக்கு மத உரிமை வேண்டும் என்று கேட்ட வழக்கில் விடை மாறியது. வாழ்வு, மரணம், மனிதன் ஏன் இருக்கிறான் என்பது போன்ற அடிப்படைக் கேள்விகளை இந்தக் கொள்கை எடுத்துக்கொள்ளவே இல்லை, ஓர் இனத்தின் நலனை மட்டுமே அது பேசுகிறது, ஆகவே அரசியல் சட்டம் பாதுகாக்கும் மதமாக இதைக் கருத முடியாது என்று அங்கிருந்த கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. முதல் நீதிமன்றம் அச்சைப் பார்த்தது, இரண்டாவது நீதிமன்றம் மாவைப் பார்த்தது. என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. ஆனால் முதல் தீர்ப்பில் ஒரு பயன் இருக்கிறது. கிளாசனின் சபையில் சேர்கிறவர்கள் அதை நிஜமாகவே மதமாக வாழ்கிறார்கள் என்பதை அது பதிவு செய்திருக்கிறது. அவர்களை அதிலிருந்து வெளியே கொண்டுவர நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.